மூக்கர் முகர்ந்த லாரி

அவருக்கு மூக்கர் என்று பெயர் வந்தது மூக்கின் நீளத்தால் அல்ல. பார்க்கப்போனால் அது சப்பை மூக்கு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தகராறு என்று ஒரு வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்ப்பார்கள், மீட்டர் மாட்டிப் பார்ப்பார்கள். இவர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்புதான். ஆயில் வெறுமனே பழசாகியிருந்தால், "மாத்திடு." கருகின வாடை அடித்தால், "ஆயில்ல கை வைக்காத, பெட்டியத் திற." கியர் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து உதிர்ந்த தூள் அந்தப் பழைய ஆயிலில்தான் மிதக்கும், மிச்சமிருக்கும் தட்டுகள் நழுவாமல் இருப்பதே அதன் புண்ணியத்தில்தான். புது ஆயில் ஊற்றினால் அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும், தட்டுகள் வழுக்கி வண்டி இழுக்காமல் நின்றுவிடும். வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் இதைச் சொல்லிச் சொல்லி, பட்டறைக்குப் பின்னால் சமையல் செய்துகொண்டிருந்த மனைவிக்கே மனப்பாடமாகிவிட்டது.

இது அந்த மனைவியின் கதை. தெருவுக்கே அவள் அக்கா. காரணம் அவள் தம்பி. நாளெல்லாம் வாய் ஓயாமல் "அக்கா, அக்கா" என்று கத்தித் தெருவுக்கே அந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவன். அம்மா போனதும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்கே வந்தாள். போலியோவில் இடது கால் சூம்பிப்போன பிள்ளை. கிளட்ச் மிதிக்க அந்தக் காலால் ஆகாது. அதனால்தான் மூக்கர் நாயாய் அலைந்து, கிளட்ச் மிதியே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் லாரி ஒன்றைத் தேடிப் பிடித்து அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். வீடு மாறுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தான். அது போனால் அவன் ஓட்ட இன்னொரு லாரி கிடையாது. அது அக்காவுக்கும் தெரியும், மூக்கருக்கும் தெரியும்.

போன மழைக்காலத்தில் மூக்கருக்கு ஒரு ஜுரம் வந்தது. ஜுரம் போகும்போது சும்மா போகவில்லை, வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டினவளிடம் எதை மறைக்க முடியும்? பால் பொங்கிப் பாத்திரம் தீய்ந்து வீடே நாறியபோது, மனுஷன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்து அணைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு நாள் கெட்டுப்போன மீனை வாங்கிவந்து, இப்போதுதான் பிடித்தது என்று பீற்றிக்கொண்டார். அவள் மூக்கைச் சுளித்தாள். உடனே, "இல்ல, லேசா வாடை வருதுதான்" என்று தானே மாற்றிக்கொண்டார். அவரைக் கூசவைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இனி முகத்தில் எதையும் காட்டுவதில்லை என்று முடிவு கட்டினாள். பைத்தியக்காரி!

அப்படியிருக்கையில்தான் ஒரு நாள் காலையில் தம்பி லாரியோடு வந்து நின்றான்.

"அத்தான், ரெண்டாவது கியர்லேர்ந்து மூணுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி இழுக்கல. சூடேறினா இன்னும் மோசம்."

"பாத்துடுவோம் மாப்ளே" என்று மூக்கர் குச்சியை உருவினார்.

டீ டம்ளரோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே வரைக்கும் அடித்தது கருகல் வாடை. சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் வேறு காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் "இவருக்கு வாசனை தெரியாது" என்று போட்டு உடைத்தால் அவர் பிழைப்பும் போச்சு, மானமும் போச்சு. அவரே சமாளித்து, எதற்கும் திறந்து பார்த்துவிடலாம் என்று சொல்லிவிடுவார்; மச்சினன் வண்டியில் விளையாட மாட்டார். சொல்லுங்க, சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மூக்கர் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. குச்சியை மூக்கடியில் வைத்தபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணெடுக்காமல் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடாதே என்கிறார் என்று நினைத்தாள் அவள். மூச்சை அடக்கி, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. ஆயில் பழசு. மாத்திட்டா சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி அத்தான்."

புது ஆயில் ஊற்றியதும் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தனியாக இருக்கும்போது அவரிடம் கேட்டுவிடலாம் என்றுதான் அக்கா இருந்தாள். ஆனால் மதியம் அவர் நிம்மதியாக, இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. தன் மூக்குதான் தப்போ என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு மேட்டில், யாரோ ஒருவர் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் சுமந்துகொண்டு லாரி நின்றுவிட்டது. தம்பி மிதித்த மிதிக்கு எஞ்சின் அலறியதே தவிர, சக்கரம் அசையவில்லை. கட்டி இழுத்துவந்து திறந்தார் மூக்கர். தட்டுகள் தீய்ந்திருந்தன, அவற்றைத் தாங்கும் டிரம்மும் விரிசல் விட்டுக் கிடந்தது. முதலிலேயே திறந்திருந்தால் தட்டுகளை மாற்றியதோடு போயிருக்கும். டிரம்முக்கு எங்கே போவது? அந்த லாரிக்கு அது வருவது நின்றே பல வருஷமாகிவிட்டது. பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

லாரியைக் காயலான் கடைக்கு இழுத்துக்கொண்டு போன அன்று, தம்பிதான் அவளுக்கு ஆறுதல் சொன்னான்.

"அழாதக்கா. அத்தான் மூக்குக்கே தெரியலன்னா வேற எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

சொல்லிவிட்டுக் காலை இழுத்து இழுத்து நடந்து பஸ் ஏறினான். ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருந்தான். பஸ் போன பிறகும் அக்கா அங்கேயே நின்றாள்.

பட்டறைக்குள் லாரி நின்ற இடத்தில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், மூக்கர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வாசனை தெரியறதில்ல" என்றார்.

"தெரியும்ங்க."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அதான் அன்னிக்கு உன்னைப் பாத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"ஜுரத்துக்கு அப்புறம் எல்லாத்துக்கும் உன் முகத்தைத்தானே பாக்கறேன். மீன் கெட்டது நீ மூக்கைச் சுளிச்சப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கும் பாத்தேன். நீ சுளிக்கல. சரி, கருகல போலன்னு நெனச்சுட்டேன்."

அவரே அவளுக்காகச் சமாதானம் தேடினார்.

"உனக்கும் அன்னிக்கு ஜலதோஷமா இருந்துச்சோ என்னவோ. இல்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முகம் கோணிவிட்டது. அதை மூடிக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.