வெள்ளிக்காது

என் தம்பி பிஸ்கட் டப்பா செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். இருபத்தாறு வருடங்களாகத் தகரம் வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறான். வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்காவை ஆண்ட காலத்து வெள்ளி நாணயங்களைச் சேர்ப்பான். நூற்றுப் பதினான்கு இருக்கின்றன. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய தையல்காரி நான். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் துணி உறை தைத்ததால் எண்ணிக்கையை உறுதியாகச் சொல்ல முடியும்.

ஞாயிறுகளில் நாணயம் சேர்ப்பவர்கள் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடுவார்கள். சந்தேகமான வெள்ளி எல்லாம் அவனிடம்தான் வரும். விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பில் இன்னொரு நாணயத்தால் தட்டுவான். நல்ல வெள்ளி நீளமாக ஒலிக்கும். போலி, கட்டையைத் தட்டியது போல உடனே அடங்கிவிடும். அவனுக்கு "வெள்ளிக்காது" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காது போய்விட்டது எனக்கு மட்டும் தெரியும். குக்கர் ஏழு விசில் அடித்தும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. அங்க எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றான்.

அதன்பின் ஞாயிறுதோறும் நானும் கைத்தையலோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல நாணயமென்றால் தைத்துக்கொண்டே இருப்பேன். போலியென்றால் ஊசியை நிறுத்துவேன். ஒரு வருடம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஜெர்மனி ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவின் இரண்டு ரூபாய் நாணயத்தோடு வந்தார். தம்பி தட்டினான். நன்றாக ஒலித்தது. அதே நேரம் என் நூலில் முடிச்சு விழுந்தது. அவிழ்க்க ஊசியை நிறுத்தினேன்.

"போலிண்ணே" என்றான் தம்பி.

"வெள்ளிக்காதே சொல்லியாச்சு, இதுக்கு மேல அப்பீல் ஏது? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட வேண்டியதுதான்" என்று தபால்காரர் சிரித்தார். அவர் முகம் சிரிக்கவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் தம்பியின் குட்டு உடைந்துவிடும். வாசல் கேட் வரை வந்த பிறகு, அவன் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன்: "அது நல்ல வெள்ளிடா. நூல் சிக்கிடுச்சு."

உடனே வகுப்பறைக்கே திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, அது அசல். எனக்குக் காது கேக்காது. இவ்வளவு நாளும் அக்காதான் கேட்டுச் சொன்னா" என்றான் தபால்காரரிடம்.

வகுப்பறையின் பின்வரிசையில் ஒருவர், "அப்போ நம்ம வெள்ளிக்காது அக்காவா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் தம்பி என் முகத்தைப் பார்த்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தபால்காரர் நாணயத்தை என்னிடம் நீட்டினார். "நீங்களே ஒருக்கா தட்டுங்கம்மா."

தட்டினேன். நீளமாக ஒலித்தது. அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிறுகளில் தம்பி மத்தியானம் வரை தூங்குகிறான். என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்புகிறார்கள், நான் போவதில்லை. அன்று உண்மையைச் சொல்ல, கேட்டிலிருந்து தானாகத் திரும்பி நடந்தவன் என் தம்பி. யார் கேட்டாலும் அதை மட்டும் சொல்கிறேன்.