அனுப்பாத சதை

கட்டி என்ற சொல்லோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஈறில் சீழ் வைத்தாலும் கட்டி, எலும்புக்குள் நீர் கோத்தாலும் கட்டி, தாடையையே அரித்துத் தின்னும் வளர்ச்சியும் கட்டி. திருவொற்றியூரில் என்னிடம் பல் காட்ட வந்தவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் நானே ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் விட்டேன்.

அவர் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கீழ்த்தாடை, கடைவாய்ப் பக்கம் உப்பியிருந்தது. வலி இல்லை என்றார். வலிக்காத வீக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று படித்துத் தேறியவன் நான். எக்ஸ்ரேயில், முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி வட்டமாக ஒரு கருநிழல். சாதாரண நீர்ப்பை அப்படித்தான் தெரியும். தாடையை அரிக்கும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியும் சில சமயம் அதே வேடத்தில் வரும். பையின் சுவரைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் எது என்று தெரியும்.

அறுவைக்குக் குறித்த நாளில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். துறைமுக வாசலில் லாரி வரிசை நகரவில்லையாம். அந்த வரிசையின் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்திருந்தது. கடுகடுவென்று பல்லைப் பிடுங்கி, பையைச் சுரண்டி எடுத்தேன். சதையைப் போட்டு அனுப்பும் ஃபார்மலின் தீர்ந்திருந்தது. அடுத்த தெரு ஆய்வகத்தில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. வெளியே எட்டுப் பேர் முனகிக்கொண்டிருந்தார்கள். சதையைக் கழிவுப் பையில் போட்டுவிட்டு, வெறும் நீர்க்கட்டிதான், ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தார். விரலால் அழுத்தினால் முட்டை ஓடுபோல் எலும்பு நொறுநொறுத்தது. புது எக்ஸ்ரேயில் சோப்பு நுரைபோல் பல அறைகள் தெரிந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இதில் ஒரே பெரிய அறைதான். ஆனால் பக்கத்துப் பற்களின் வேர்கள் கரைந்து மொட்டையாக நின்றன. இது வெறும் நீர்ப்பை இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சொன்ன நாளில் ஏன் வரவில்லை என்று அவரையே திட்டினேன்.

"நீங்கோதானே சார் ஒண்ணியும் இல்லன்னீங்கோ? ஒண்ணியும் இல்லாததுக்கு எவன் சார் லோடை வுட்டுட்டு வருவான்?"

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே சிறு துண்டு எடுத்துப் பார்த்த நோய்க்கூறு மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். துண்டில் அழற்சி மிகுந்து திசு குழம்பியிருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் செல்கள் வேலிக்கம்புபோல் வரிசையாக நிற்கின்றன, அது அமெலோபிளாஸ்டோமாவின் சாயல், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். நீங்கள் அனுப்பிய முதல் பரிசோதனையில் சாதாரண நீர்ப்பை என்று வந்திருந்தால் இம்முறையும் சுரண்டிவிடலாம். இல்லையென்றால் ஆழமாக இன்னொரு துண்டு எடுக்க வேண்டும் என்றார்.

சாதாரண நீர்ப்பை என்றுதான் வந்தது என்றேன். அறிக்கையைத் தேடி அனுப்புவதாகவும் சொன்னேன்.

மறுநாள் ஓட்டுநர் கூப்பிட்டார். "சொரண்டினா போதுமாம் சார். தாடைய வெட்டுவாங்களோன்னு வூட்ல ஒரே பேஜாராப் பூட்ச்சி. உங்க பழைய ரிப்போர்ட்டுதான் காப்பாத்திச்சி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. உடனே வரச் சொன்னேன். மனைவியோடு வந்தார்.

"ரிப்போர்ட்டே கிடையாதுப்பா. நான் சதைய அனுப்பவே இல்ல. தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்போ உள்ள இன்னா கீதுன்னு யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவிதான் பேசினார். "இப்பவே அந்த டாக்டருக்குப் போன் போடு. எங்க முன்னாடி. ஸ்பீக்கர்ல போடு." அறைக்குள் வரும்போதுகூட என்னை நீங்கோ என்றுதான் சொன்னவர்.

போட்டேன். சொன்னேன். சுரண்டலை நிறுத்தச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி நோய்க்கூறு மருத்துவர் வைத்துவிட்டார்.

ஆழமாக எடுத்த துண்டில் அமெலோபிளாஸ்டோமா. பையின் சுவருக்குள் இறங்கியிருந்தது. சுற்றியிருந்த நல்ல எலும்பையும் சேர்த்து இடது தாடையை அறுத்தெடுத்து, காலெலும்பை வைத்துக் கட்டினார்கள். பார்க்கப் போனேன். கஞ்சித் தூக்கோடு வார்டு வாசலில் நின்ற மனைவி, முதல் தடவையே தெரிந்திருந்தால் இவ்வளவு போயிருக்குமா என்று கேட்டார். போயிருக்காது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.