மச்சான் சேற்றில் விழுந்த காரணம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கூச்சம் என் மகளுக்கும் உண்டு. வேதியியல் படித்தவள். பொன்னேரியில் ஒரு பள்ளியில் வேலைக்காக மாதிரிப் பாடம் நடத்தப் போய், பாதியில் வாயடைத்துத் திரும்பிவிட்டாள். திங்கட்கிழமை இன்னொரு முறை வரச் சொன்னார்கள். அதுவும் போனால் இனி எங்கும் வேலை கேட்பதில்லை என்றாள்.

ஞாயிறு காலை, எங்கள் ஊர் டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்னால் ஏரிக்கரையில் எங்களை வைத்து ஒத்திகை பார்த்தாள். இரண்டு படகுகள் இரண்டு அணுக்கள், நாங்கள் எலக்ட்ரான்கள். நானும் என் மச்சானும் ஆளுக்கொரு படகில் உள்பக்கமாக உட்கார்ந்து, எதிர்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டோம். கயிறு கிடையாது. படகுகள் ஒட்டி நின்றன.

"இது ஹைட்ரஜன் நைனா. நடுவுல ரெண்டு பேருக்குத்தான் இடம். அதான் பிணைப்பு. மூணாவது ஆளு வந்தா வெளிப்பக்கம்தான் போவணும். அவன் பிரிக்கிறவன். அந்த இடத்துக்குப் பேரு எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்."

"நம்ம பங்காளினு சொல்லு" என்றான் மச்சான்.

மச்சானின் கூட்டாளி ஒருவன் என் படகின் வெளிப்பக்கம் ஏறி, கழியை ஊன்றி விலக்கப் பார்த்தான். படகுகள் ஆடின, பிரியவில்லை. "பாதிப் பிணைப்பு" என்றாள். இன்னொரு கூட்டாளி மச்சான் படகின் வெளிப்பக்கம் ஏறிக் கழியை ஊன்றினான்.

"இப்ப ஹீலியம். ரெண்டு பேரு சேக்கறாங்க, ரெண்டு பேரு பிரிக்கிறாங்க. பிரிக்கிறவங்க பலம் ஒரு நூலு ஜாஸ்தி. அதனால ஒட்டாது."

படகுகள் ஒட்டியே இருந்தன. மச்சான் ஏரியில் வெறுங்கையால் நண்டு பிடிப்பவன், பிடித்தால் விடமாட்டான்.

"இன்னா டீச்சரம்மா, உன் ஹீலியம் என்னாண்ட வேலைக்கு ஆவாது போல."

மகள் முகம் சுருங்கியது. பொன்னேரியிலும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

நான் கையை விட்டேன்.

படகுகள் விலகின. மச்சான் மட்டும் என் படகை விடவில்லை. உடம்பு இரண்டுக்கும் நடுவே நீண்டு, தொப்பென்று சேற்றில் விழுந்தான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை அதையே வகுப்பில் சொன்னாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம், அவளுக்கு வாய் அடைக்கவில்லை. வேலை கிடைத்தது.

"எலக்ட்ரான் தள்ளி உட்டுடிச்சு" என்று மச்சான் இன்றும் ஊரெல்லாம் சொல்கிறான். மகளும் வருஷா வருஷம் அதைத்தான் நடத்துகிறாள். ஹீலியம் ஒட்டாது என்பது நிஜம். அவள் புத்தகத்திலேயே இருக்கிறது. அன்று படகு பிரிந்தது மட்டும் என் வேலை.

எழுதியது: ஆடி அமாவாசைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.