கனவுக்குள் வந்தவன் யார் என்று கேட்டார்கள்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர். என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அப்போதுதான் போனில், ஒரு கதை ஆப்பில் தொடர்கதை எழுத ஆரம்பித்தேன். வாரம் ஒரு அத்தியாயம், புனைபெயரில். அவரிடம் சொல்லவில்லை. ஒளித்து வைத்தேன் என்றில்லை, போனில் என்ன தட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று அவர் கேட்டதே இல்லை.

கதை இதுதான். தூக்கம் வராதவர்கள் காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி விற்பனைக்கு வருகிறது. திண்டுக்கல் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஒருத்தி ஒன்று வாங்குகிறாள். தொப்பம்பட்டியில் இருக்கும் ஒரு மாட்டு டாக்டர் ஒன்று வாங்குகிறான். ஏதோ தயாரிப்புக் கோளாறில் இரண்டு கருவியும் ஒரே அலைவரிசையில் இணைந்துவிடுகின்றன. இருவருக்கும் ஒரே கனவு வருகிறது. நேரில் பார்த்தே இராதவர்கள் தூக்கத்தில் பழகிக் காதலிக்கிறார்கள்.

அந்த அலைவரிசைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூளையில் உண்டாகும் மின் அலை ரொம்பப் பலவீனமானது. அது பழனியைத் தாண்டித் தொப்பம்பட்டிக்கு எப்படிப் போய்ச் சேரும்? செல்போன் டவர், இணையம், கருவிக்குள் ஒரு சிப் என்று ஒவ்வொன்றாக யோசித்து, பேப்பர் திருத்த வேண்டிய நேரத்திலெல்லாம் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த அத்தியாயத்துக்கு வந்த முதல் கேள்வி, "அக்கா, இது உங்க சொந்த அனுபவமா?" இரண்டாவது கேள்வியும் அதேதான்.

என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது தொப்பம்பட்டியில். யாரோ அனுப்பிய கதையைப் படித்தவள், அதில் வரும் வீட்டையும் எங்கள் பள்ளி இருக்கும் தெருவையும் வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஊருக்குப் போன பிறகு அவள் பேச்சே கொங்குப் பேச்சாகிவிட்டது.

"ஏனுங்க மதினி, எங்கூரு மாட்டு டாக்டருக்கு ரிட்டயர்டு ஆகற வயசுங்க. நீங்க எழுதுன பையன் யாருங்க?"

"யாரும் இல்லை. நானா நினைச்சு எழுதுனேன்."

"அப்படியே கண்ணுல நிக்கறானுங்களே!"

பாராட்டுகிறாளா, விசாரிக்கிறாளா என்று புரியவில்லை. போனை வைத்தவள் அடுத்தபடியாக அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்த என் கணவர் தட்டில் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லா அத்தியாயங்களையும் கடையிலேயே படித்து முடித்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தினத்தாளைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"அவன் கடலையை உரிச்சு, தொலியை ஊதிட்டு அவ கையில குடுக்கானே, அது யாரு?"

"கதையில வர்ற ஆளுங்க."

"நான் உனக்குக் கடலை உரிச்சுக் குடுத்ததில்லையே."

"இல்லை."

"அப்ப யாரு குடுத்தா?"

எனக்கு வந்த எரிச்சலில் ரசக் கரண்டியைத் தரையில் போட்டிருப்பேன். "கனவைக் கடத்துற மெஷினை யார் குடுத்தா? அதை மட்டும் நானா உண்டாக்கலாம், ஒரு ஆம்பளையை உண்டாக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் வெஞ்சனமாக வைத்த பொரியலைத் தொடாமலே வெறும் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

சண்டை தொடரும் என்று நினைத்தேன். அவரோ வேறு வழியில் வந்தார். திங்கட்கிழமை காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஒரு கனவு கண்டேன். நீயும் நானும் கொடைக்கானல்ல ஒரு போட்டுல போறோம். தண்ணியெல்லாம் ரோசாப்பூ."

மறுநாள் யானை மேல் போனோம். அதற்கடுத்த நாள் மலைக்கோட்டை மேலிருந்து இரண்டு பேரும் பறந்தோம். எல்லாமே எங்கேயோ டிவியில் பார்த்தது மாதிரி இருந்தது. இரவு முழுக்கக் குறட்டை விட்டவர் எப்போது கனவு கண்டார்? வியாழக்கிழமை புது அத்தியாயம் வந்ததும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கேட்டார்: "நான் சொன்னதுல ஒண்ணுகூட வரலையே?"

"பொய்க் கனவையெல்லாம் கதையில போட முடியாதுங்க."

"உன் கதையே பொய்தானே!"

கதை பொய், ஆனால் அதிலே பொய் இருக்கக் கூடாது என்று அவருக்கு எப்படி விளக்குவது? பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதன் பிறகு காலையில் அவர் அடுப்படிப் பக்கம் வரவில்லை.

சில வாரம் கழித்து, சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் வண்டியை அணைத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"நீ கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கே. நான் கடைசி பெஞ்சுல இருக்கேன். வருகைப் பதிவு எடுக்கே. எல்லாரையும் கூப்பிட்டே, என்னைக் கூப்பிடலை. எந்திரிச்சு நின்னேன். நீ பார்த்தே. யாரு நீ, பேரு என்னன்னு கேட்டே. எனக்கு என் பேரு ஞாபகம் வரலை."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான். முழிச்சுட்டேன்."

"எப்ப வந்துச்சு?"

"அடிக்கடி வருது. மக ஹாஸ்டல் போனதுல இருந்து."

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"கதையில போட்டுருவியேன்னுதான். போடாதே."

கேட் திறந்ததும் பின்னாலிருந்து ஆரன் அடித்தார்கள். "போட மாட்டேன்," என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்தார்.

அன்று முதல் எனக்கு எழுத வரவில்லை. அந்த ஸ்டேஷன்காரியும் மாட்டு டாக்டரும் பேசுவதெல்லாம் அட்டைப் பொம்மை பேசுவது மாதிரி இருந்தது. என் கடைசி அத்தியாயத்துக்கு வேண்டியிருந்தது அந்த வகுப்பறைதான். கனவில் இவ்வளவு நெருங்கியவன் நேரில் வந்து நிற்கும்போது அவள் பேர் கேட்கிறாள், அவனுக்குப் பேர் வரவில்லை. எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது! ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குப் பதிலாக இருவரும் பழனி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, டீ குடித்து, பேச ஒன்றுமில்லாமல் பிரிவதாக முடித்தேன். வாசகர்கள் திட்டினார்கள். "இதுக்காங்க இத்தனை வாரம் படிச்சேன்?" என்றாள் நாத்தனார். அவர்கள் சொன்னது நியாயம்தான். மோசமான முடிவு.

இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். "கதையா எழுதாதே. நடந்த மாதிரி எழுது. பேரு போடாதே," என்றார்.

இப்போதெல்லாம் காலையில் நான்தான் கேட்கிறேன், ராத்திரி என்ன கனவு என்று. "தூங்குனேன்," என்று சொல்லிவிட்டுக் கடைச் சாவியைத் தேடப் போய்விடுகிறார்.