காதுக்கு எட்டாத கை

ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் லோரி ஓட்டிய காலம். மலாக்கா டவுன் கான்வென்ட்டில் மகளுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். படிக்கும் பிள்ளை யாராவது பள்ளியை விட்டு நின்றால்தான் இடம். "இடம் கெடைக்கிறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்லா!" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

ஒருநாள் பள்ளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். எங்கள் மகளைப்போல் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அங்கே ஒரு சோதனை உண்டு. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் வயது சரி. வயதுக்கும் காதுக்கும் என்ன உறவோ, எனக்கு இன்றுவரை தெரியாது. முந்தின நாள் வீட்டில் செய்து பார்த்தபோது நன்றாகவே எட்டியது.

பள்ளியில் எட்டவில்லை. மகள் எக்கி எக்கிப் பார்த்தாள்.

தலைமைக் கன்னியாஸ்திரியான மதருக்குப் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து டீச்சரம்மா, "கை எட்டேல்லையே, ஐயா. இடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுக்கட்டாம் எண்டு மதர் சொல்லுறா" என்றார்.

என் மனைவிதான் துள்ளி எழுந்தாள். "அட, கொண்டைதாங்க குறுக்க நிக்குது! கொஞ்சம் பொறுங்கம்மா!"

மதரைப் பார்க்கப் போகிறோம் என்று மகளுக்கு உச்சியில் பெரிய கொண்டை போட்டு, சுற்றிலும் பூ வைத்து, விடியலிலேயே அவள் ஜோடித்திருந்தாள். அங்கேயே அவிழ்த்தாள். விரல் காதைத் தொட்டது. மதர் சிரித்துத் தலையாட்டினார்.

வெளியே இன்னொரு தோட்டத்து அம்மாள் பெயர் கொடுக்க மகளோடு வந்து காத்திருந்தார். அந்தப் பிள்ளைக்கும் உச்சிக் கொண்டை.

"அக்கா," என்றாள் என் மனைவி, "ஒங்களக் கூப்பிடுற அன்னைக்கு ரெட்டைச் சடை போட்டுக் கூட்டிட்டு வாங்க."