வேலுவுக்குப் போடாத இலை

எங்கள் வாசகர் வட்டத்தை நடத்தும் பெண் மாதக் கடைசியானால் விடமாட்டார். நேற்றும் போன் வந்தது.

“சார், உங்க லிஸ்ட் மட்டும்தான் இன்னும் வரலை. இந்த மாசம் என்ன படிச்சீங்க, அடுத்த மாசம் என்ன படிக்கப் போறீங்க, ரெண்டு வரி போதும் சார்.”

என்னத்தை எழுதுவது? மூன்று நாவல்கள் இரவல் எடுத்தேன். வழக்கம்போல மூன்றிலும் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டினேன். இரண்டில் சாவு இருந்தது, அப்படியே மூடிவிட்டேன். இப்படிப் படிக்கிறவனை வட்டத்தில் யாரும் மதிப்பதில்லை. மூன்றாவது புத்தகத்தைச் சாமி அலமாரியில் வைத்திருந்தார்கள் போலும், பக்கத்துக்குப் பக்கம் சாம்பிராணி வாசம். படிக்கவே முடியவில்லை. மனசு மலாக்காவில், பழைய காஜா பெராங் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

மலாயாவுக்கு விடுதலை கிடைத்த வருடம் அது. ரப்பர் தோட்டத்திலிருந்து கிளம்பி வந்து, ஆற்றோரம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். காஜா பெராங்கில் ஒரு வாடகை அறை. வீட்டுக்கார அம்மாள் மீனாட்சி, மலாக்கா செட்டிச் சமூகத்தைச் சேர்ந்த விதவை. நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். அந்த வீட்டில் சாமி பெயர்களிலும் சமையல் சாமான்களிலும்தான் கொஞ்சம் தமிழ் மிச்சமிருந்தது. மக்சிக் என்று கூப்பிடுவேன். அத்தை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் தமிழ் இளைஞர்கள் ஒரு படிப்பகம் நடத்தினார்கள். ஆளுக்கு மாதம் ஒரு புத்தகம்தான். திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த மாதம் எது வேண்டும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஒரு வருடத்துக்கான பன்னிரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் எழுதிவைத்த மேதாவி.

அந்த மார்கழிக்குக் கிடைத்தது ஒரு தடித்த நாவல். வேலை விட்டு வந்து கூடத்தில் படித்துக்கொண்டிருப்பேன். மக்சிக் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். ஒருநாள், “அதுல அப்படி என்னதான் இருக்கு? எனக்கும் சொல்லேன்” என்றார். அவர் பேசியது மலாய்தான். நான் தமிழில் தருகிறேன்.

சொன்னேன். என்னுடையது கிட்டங்கி மலாய். மூட்டை தூக்குபவர்களிடம் கற்றது. என் மலாயில் அந்த நாவலின் கதாநாயகி மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவள் போலத்தான் பேசினாள். மக்சிக் சிரிக்கவில்லை. நான் நிறுத்தினால், “லாகி, தம்பி?” என்பார். இன்னும் சொல் என்று அர்த்தம்.

கதை இதுதான்: யுத்தத்துக்குப் போன மகன் திரும்பவில்லை, அம்மா காத்திருக்கிறாள். இந்த வீட்டில் இந்தக் கதையை எடுத்திருக்கவே கூடாது. மக்சிக்கின் ஒரே மகன் வேலு லாரி ஓட்டியவன். மூன்று வருடத்துக்கு முன், கம்யூனிஸ்டு கலவரக் காலத்தில், பகாங் மலைப்பாதையில் எரிந்த லாரி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியும். முதல் பத்துப் பக்கத்தில் கதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கிட்டங்கியில் மதியச் சோற்று நேரத்தில் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். தந்தி வருகிறது. மகன் செத்துப்போகிறான்.

அன்று மாலை மழை. மக்சிக் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். “டியா பாலிக்?” என்று தலை நிமிராமல் கேட்டார். அவன் திரும்பி வந்தானா?

“வந்துட்டான் மக்சிக். மெலிஞ்சு போயிட்டான், தாடி வச்சிருந்தான், ஆனா வந்துட்டான்.”

தாடியெல்லாம் எதற்குச் சேர்த்தேனோ. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், சட்டையை மடித்து வைத்தார், அடுப்படிக்குப் போய்விட்டார். நல்ல காரியம் செய்ததாக நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

போகி அன்று செட்டிச் சமூகத்தார் பார்ச்சு படைப்பார்கள். செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை, அவரவருக்குப் பிடித்த சாப்பாடு, மெழுகுவர்த்தி, சாம்பிராணி. படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள், செத்தவர்கள் வந்து சாப்பிட வேண்டுமல்லவா. வேலுவுக்கு இந்த வருடமாவது இலை போட்டுவிடலாம் என்று மக்சிக்கின் கொழுந்தன் ராமு எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தார். இலையும் விரித்தாயிற்று. அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கை, எடுத்து வரச் சொன்னார்கள்.

மக்சிக் வந்து அந்த இலையைச் சுருட்டி எடுத்தார்.

“என் மகனுக்கு வேணாம். உயிரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா ஆகாது. நான் இருந்தாலும் செத்தாலும் யாரும் போடக்கூடாது.”

ராமு என்னைப் பார்த்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதப் புத்தகத்தைக் கொண்டுவந்து, “இது நல்ல கதை மக்சிக், சொல்லட்டுமா?” என்றேன். “போதும் தம்பி. அவன்தான் வந்துட்டானே” என்றார். மீதிப் பதினொரு புத்தகங்களையும் தனியாகத்தான் படித்தேன். ஒன்றும் மனதில் தங்கவில்லை. வாசல் கதவை அவர் பகலில் சாத்துவதையும் விட்டுவிட்டார். மழைச்சாரல் கூடம்வரை வரும்.

வேலை மாறிக் கோலாலம்பூர் போனேன். எட்டு வருடம் கழித்து மக்சிக் இறந்துபோனார். அடுத்த போகிக்கு வந்திருந்தேன். அவருக்கு ஒரு இலை, கணவருக்கு ஒரு இலை. வேலுவுக்கு இல்லை. ராமுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கதையில் பையன் வரவில்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“இதை அண்ணி இருக்கும்போது சொல்லியிருக்கணும் தம்பி. வேணாம்னு சொன்னவ அவ. அந்தப் பேச்சை அவதானே மாத்தணும்? இப்ப நான் யாரைக் கேட்டுப் போடறது?”

பிறகு ராமுவும் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் குருபோங் பக்கம் வீடு வாங்கிக்கொண்டார்கள். படிப்பகம் மூடிப் பல காலம் ஆகிறது, புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. காஜா பெராங் வீடு இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறார்கள். போன வருடம் ராமுவின் பேரனைப் பார்த்தபோது விசாரித்தேன். தாத்தா, பாட்டி, பெரிய பாட்டி என்று பெயர் சொல்லி இலைகளை எண்ணிக் காட்டினான். வேலு என்றேன். “அது யாரு அங்கிள்?” என்று கேட்டான்.

அந்தப் பெயரைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கோ அந்தக் குடும்பத்தில் இலை போடுகிற உரிமை கிடையாது.