தண்ணீர் குடித்த ஆறாவது பூச்சி

அம்மா வேலை முடிந்து வந்தால், அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைவது "சொலூஷன்" வாடைதான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர் எவர் சேலையிலும் ஒட்டியிருக்கும் அந்தப் பசை வாடை, எனக்கு மட்டும் மீனை நினைவூட்டும். காரணம், ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நான் கட்டிய ஆறு பூச்சிகள்.

மாமாவுக்கு நீலகிரியில் ஓர் அணைக்கட்டில் வேலை. ஆண்டுக்கொரு முறை நாங்கள் போகும்போது, அனுமதிச் சீட்டு வாங்கி, ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்க அண்ணனை மட்டும் அழைத்துப் போவார். அவர்கள் கொண்டுவருவதைக் கழுவ நானும் அத்தையும் வீட்டில் காத்திருப்போம். "பொம்பளப் புள்ள பாறையில வழுக்கி வுழுந்தா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார் அத்தை.

மாமா தூண்டில் முள்ளில் புழு மாட்ட மாட்டார். இறக்கை முளைக்கும் முன் ஓடைக் கற்களுக்கடியில் வாழும் பூச்சிக் குஞ்சுகளை அந்த மீன் விரும்பித் தின்னும் என்பதால், அவற்றைப் போலவே இறகும் நூலும் சுற்றிய "நிம்ஃப்" என்ற பொய்ப்பூச்சியை அடித்தண்ணீரில் மிதக்கவிடாமல் இழுத்துவருவார். அவரிடம் இருந்தவை நைந்துபோயிருந்தன. பொங்கலுக்கு அவர் ஆம்பூர் வந்தபோது, நைந்த ஒன்றையும் சில வெறும் முட்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு, நான் கட்டித் தருகிறேன், அதில் மீன் மாட்டினால் தூண்டில் என் கைக்கு வர வேண்டும் என்றேன். "மாட்டட்டும் ஜெனி. அப்பறம் வருஷா வருஷம் நீயும் வா" என்று சிரித்தார்.

அந்தப் பழைய பூச்சியைப் பிளேடால் பிரித்து, நோட்டில் பட்டியல் எழுதினேன். உடலுக்கு மெல்லிய தோல் நாடா. வாலுக்குக் கறிக்கடைக் கோழி இறகு. கழுத்துக்கு, பக்கத்து வீட்டு ஷபானா குட்டி போடுமென்று புத்தகத்துக்குள் வளர்த்த மயிலிறகின் இழைகள். "நாலுதான் தருவேன். அஞ்சாவது கேட்டா நம்ம தோஸ்தி கட்" என்றவள், கடைசியில் ஆறு தந்தாள். பழையதன் உடலைச் சுற்றியிருந்த செப்புக் கம்பிக்குப் பதிலாக, அதே நிறத்தில் மின்னும் தையல் நூல் போதுமென்று நானே முடிவு செய்தேன். முடிச்சு அவிழாமலிருக்க, அம்மாவிடம் கேட்டு வாங்கிய சொலூஷனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

தோலைத் தேர்ந்தெடுத்ததில்தான் என் ஊர்ப் புத்தியைக் காட்டினேன். எங்கள் ஊரில் தண்ணீர் குடிக்காத தோலுக்குத்தான் மதிப்பு. கழிவுத்துண்டுக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து, சொட்டு முத்தாக உருண்டு ஓடியதை மட்டும் எடுத்தேன். பனி நாட்டுக்குப் போகும் பூட்ஸுக்கான தோல் அது. ஐந்து பூச்சிகளோடு அது தீர்ந்துவிட, ஆறாவதை, சாயம் போடாத ஒரு சொரசொரத் துண்டில் கட்டி, வெட்கப்பட்டு டப்பாவின் அடியில் போட்டுவைத்தேன்.

பூச்சிக்குச் சொந்தக்காரி என்ற உரிமையில் அந்த மே மாதம் ஓடைக்கரை வரை போனேன். மாமா முதல் பூச்சியைப் பார்த்து, "இன்னா ஜெனி, ஷூ சைஸ்ல கட்டிருக்க, மீனு கால்ல மாட்டிக்கவா?" என்றார். அண்ணன் வீசினான். பூச்சி மிதந்தது. இரண்டாவதும் மிதந்தது. ஐந்தும் முங்காமல் தக்கைபோல ஓடைமேல் ஓடின. "உன் பூச்சிக்கு நல்லா நீச்சல் தெரியுது" என்றான் அண்ணன். கண்ணில் நீர் முட்ட, ஆறாவதை எடுத்துக் கொடுத்தேன்.

அது விழுந்த இடத்திலேயே தண்ணீர் குடித்துக் கறுத்தது. மெல்ல முங்கிக் காணாமல் போனது. நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவதற்குள் தூண்டில் நரம்பு விறைத்தது. "டேய், தூண்டில அவகிட்ட குடுறா!" என்று மாமா கத்தினார். கையில் வாங்கிய கணம் அந்த உயிரின் துடிப்பு என் தோள்வரை ஏறியது. சிவப்புக் கோடு ஓடிய ஒரு விலா தண்ணீருக்குமேல் புரண்டது. அடுத்த இழுப்பில் நரம்பு அறுந்து, மீனும் போனது, பூச்சியும் போனது.

"கரைக்கு வரல, செல்லாது" என்றான் அண்ணன்.

"மாட்டுச்சா இல்லியா? மாட்டுச்சு. பேச்சு பேச்சுதான்" என்றார் மாமா.

வெறுங்கையோடு திரும்பிய எங்களை வாசலிலேயே பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்ட அத்தை, "கழுவுற வேல மிச்சம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ வழுக்கி வுழலல்ல? அப்போ அடுத்த வருஷம் நானும் வர்றேன்" என்றார். சொன்னபடியே வந்தார்.

இப்போது நான் தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். என் அன்றாடப் பட்டியலில் மூன்றாவது, தோல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்ற சோதனை; அளவுக்குமேல் குடித்தால் அந்தத் தோல் ஃபெயில். கழிவுத்துண்டுக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. ஷபானா குடும்பம் வாணியம்பாடிக்குப் போய்விட்டது. மாமாவின் முழங்கால் இனி ஓடைக்கு இறங்காது. ஆனால் ஏப்ரல் பிறந்ததும் அத்தையிடமிருந்து குரல் செய்தி வருகிறது: "ஜெனி, ஃபெயிலான தோலு ஏதாவது இருந்தா நாலு பூச்சி கட்டி அனுப்பும்மா. போன வருஷத்துத எல்லாம் மீனு கொண்டு போய்ட்ச்சு."